லயிப்பை மொழிபெயர்த்தல்

சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரிலுள்ள ஒரு வைத்தியசாலையில் தமிழ் நோயாளிகளுக்கும் வைத்தியர்களுக்கும் நடுவே இருந்து மொழிபெயர்ப்பது என் வேலைகளில் ஒன்று. அழைப்பு வந்தால், என் வீடு இருக்கும் பூம்ப்ளிஸில் ட்ராம் ஏறிப் போவேன். சீனி வருத்தம், முழங்கால், கர்ப்பப்பை, இதயம் எல்லாவற்றுக்கும் ஜெர்மனிலும் தமிழிலும் சொற்கள் என்னிடம் தயாராக இருக்கும். ஒருமுறை வந்த அழைப்பில் மட்டும் எனக்குப் பழக்கமில்லாத ஒன்று இருந்தது. நோயாளிக்கு ஹிப்னோஸிஸ் செய்யப் போகிறார்களாம், அதைத் தமிழில் சொல்ல வேண்டுமாம்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஹிப்னோஸிஸ் என்றால் நான் தொலைக்காட்சியில் பார்த்ததுதான் தெரியும். கோட் போட்ட ஒருவர் மேடையில் விரலைச் சொடுக்குவார், எதிரே நிற்பவர் கோழி மாதிரிக் கொக்கரிப்பார். வைத்தியசாலைக்குள் இதற்கு என்ன வேலை என்று நினைத்தேன்.

அடுத்த நாளே அதைச் செய்யப் போகும் தாதி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அது எனக்குப் புதிது. மொழிபெயர்க்க வருபவளை முன்கூட்டியே கூப்பிட்டுக் கதைக்கும் வழக்கம் யாரிடமும் இல்லை. வாசலில் கைகொடுத்துவிட்டு நேரே தொடங்கிவிடுவார்கள். இவரோ, "நான் சொல்லுவது எல்லாம் உங்கள் குரலில்தான் அவருக்குப் போய்ச் சேரும். அதனால் முதலில் நாங்கள் இருவரும் ஒரு கோப்பி குடிப்போமா?" என்று கேட்டார்.

வைத்தியசாலையின் கீழ்த்தளத்துக் கோப்பிக்கடையில் சந்தித்தோம். ஐம்பதைத் தாண்டியவர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். மலைப்பக்கத்து ஊர்க்காரர்; பேர்ண்காரருக்கே உரிய அந்த அவசரமில்லாத பேச்சு அவரிடம் இன்னும் மெதுவாக இருந்தது. நெடுங்காலம் சத்திரசிகிச்சை அறையில் மயக்க மருந்துப் பிரிவில் வேலை செய்தவர். உடம்பின் ஒரு பகுதியை மட்டும் விறைக்க வைத்துச் செய்யும் சிகிச்சைகளில் நோயாளி விழித்தபடி கிடப்பார். அப்படிக் கிடப்பவர்களின் தலைமாட்டில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோதுதான், எப்படிக் கதைக்கிறோம் என்பதைப் பொறுத்து அவர்களின் மூச்சும் நாடியும் மாறுவதைக் கண்டாராம். பிறகு முறைப்படி படித்துப் பயிற்சி எடுத்திருக்கிறார்.

"தமிழில் இதற்கு என்ன சொல் இருக்கிறது?" என்று கேட்டார்.

மனோவசியம் என்றேன். வசியம் என்றால் என்ன என்று கேட்டார். ஒருவரைத் தன் பிடிக்குள் கொண்டுவர, மையோ மந்திரமோ வைத்துச் செய்வது என்று விளக்கினேன். அவர் முகம் சுருங்கியது. அறிதுயில் என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது, ஆனால் அது புத்தகச் சொல், வீட்டில் யாரும் பேசமாட்டார்கள் என்றேன். அதன் பொருளையும் கேட்டுவிட்டு, "இது தூக்கமும் இல்லையே" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு வழியில் வந்தார். "ஒருவர் ஏதோ ஒன்றில் அப்படியே மூழ்கிப்போய் இருக்கிறார். பக்கத்தில் யாராவது கூப்பிட்டாலும் காதில் விழவில்லை. ஆனால் நித்திரை இல்லை. அதற்கு உங்களிடம் சொல் இருக்கிறதா?"

"லயிப்பு" என்றேன். பாட்டில் லயித்துப் போனார், கதையில் லயித்துப் போனார் என்று சொல்லுவோம் என்றேன்.

அவர் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "லயிப்பு. இது நல்லது. இதையே வைத்துக்கொள்ளுவோம்."

அன்று இன்னொன்றும் சொல்லித் தந்தார். நாங்கள் நோயாளிகளிடம் நல்ல மனத்தோடு சொல்லுகிற 'பயப்பிடாதேங்கோ', 'நோகாது' போன்றவற்றை அந்த அறைக்குள் கொண்டுவர வேண்டாம் என்றார். பயப்பிடாதே என்ற சொல்லுக்குள் பயம் இருக்கிறது. கேட்பவர் முதலில் அதைத்தான் எடுத்துக்கொள்ளுவார். எது வேண்டாம் என்பதைச் சொல்லாமல், எது வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் எத்தனை பேரிடம் நான் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. எங்கள் ஆட்களிடம் அன்பே அப்படித்தான் வெளிவரும்.

நோயாளி ஒரு வான் சாரதி. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, முப்பது வருடத்துக்கு மேலாக இங்கே இருப்பவர். தமிழ்க்கடைகளுக்கு மரக்கறியும் பலசரக்கும் கொண்டுபோய் இறக்குவது வேலை. ஒரு காது மந்தமாகி, இடைக்கிடை தலைசுற்றும் வரத் தொடங்கியதால், வைத்தியர் வான் ஓட வேண்டாம் என்று நிறுத்தியிருந்தார். காரணம் தெரிய வேண்டுமென்றால் தலையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு தடவை போய்ப் படுத்தாராம். தலை அசையாமலிருக்க முகத்துக்கு மேல் ஒரு கூட்டை மாட்டி, மேசை குழாய்க்குள் நகரத் தொடங்கியதுமே, கையில் தந்திருந்த அவசர மணியை அமத்தி வெளியே வந்துவிட்டார். முழு மயக்கம் கொடுத்துச் செய்யலாம் என்றால், அவருடைய நெஞ்சுக்கு அது நல்லதில்லை என்று வைத்தியர்கள் தயங்கினார்கள். அதனால்தான் இந்தத் தாதியிடம் அனுப்பியிருந்தார்கள்.

முதல் சந்திப்புக்கு அவர் மனைவியோடு வந்தார். அந்த அக்கா என்னைக் கண்டதும் ஓர் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"பிள்ளை, ரெலிபோனிலை போட்டுப் பாத்தனாங்கள், வசியம் எண்டு வருது. இவரை ஏன் வசியம் செய்யிற ஆளிட்டை அனுப்புகினம்? படத்திலை காட்டுறமாதிரி எல்லா ரகசியத்தையும் வாயிலை இருந்து எடுத்துப்போடுவினமோ?"

"அதை அவவிட்டையே கேப்பமக்கா" என்றேன். உள்ளே போய் உட்கார்ந்ததும், சொன்னது சொன்னபடி ஜெர்மனில் கேட்டேன்.

தாதி சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்று சொல்லி, அக்காவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அவர் சொன்னதை நான் இப்படிச் சொன்னேன்: "இதிலை ஒருத்தரும் ஒருத்தரையும் பிடிக்கிறதில்லை. உங்கடை அவர் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். சொல்ல விருப்பமில்லாததைச் சொல்லமாட்டார். எழும்பிப் போகவேணும் எண்டால் அந்த நிமிசமே எழும்பிப் போகலாம். மனசு ஒரு விசயத்திலை லயிச்சுப் போகேக்கை மற்றதெல்லாம் கொஞ்சம் தூரமாப் போகும். அந்த லயிப்பு எல்லாருக்கும் தானாகவே வாறதுதான். அதைத் தேவையான நேரத்திலை வரவைக்கப் பழக்கிறதுதான் என்ரை வேலை."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "கிரிக்கெட் பாக்கேக்கை இவர் அப்பிடித்தான். அடுப்பிலை கறி எரியுது எண்டு கத்தினாலும் கேக்காது."

இதை மொழிபெயர்த்ததும் தாதியின் முகம் மலர்ந்தது. "அப்ப இவருக்கு ஏற்கெனவே தெரியும்" என்றார்.

சாரதி அண்ணை அதுவரை கைகளைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். குழாய்க்குள் போகும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று தாதி கேட்டார். நெஞ்சு இறுகுவதையும் கை விறைப்பதையும் சொன்னார். பிறகு, "இஞ்சை வரேக்கை, ஒரு எல்லையிலை, லொறிக்குள்ளை பெட்டியளுக்குக் கீழை படுக்க வைச்சவங்கள்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். நான் அதுவரையும் மொழிபெயர்த்தேன். அக்கா சுவரைப் பார்த்தார்.

இப்படியான இடங்களில் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். சொல்லுங்கள், எவ்வளவு நேரம், எத்தனை பேர், பிறகு என்ன நடந்தது என்று கேட்பார்கள். அகதி விசாரணையிலும் அதுதான், வைத்தியர்களிடமும் அதுதான். தாதி கேட்கவில்லை. "சொல்ல விருப்பம் எண்டால் நான் இருந்து கேக்கிறன். சொல்லாமல் விட்டாலும் நாங்கள் செய்யப்போற வேலைக்கு அது குறையில்லை" என்று மட்டும் சொன்னார். அண்ணை முதன்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அன்றைக்கே எனக்கு அந்தப் பெண்ணில் பெரிய மதிப்பு வந்துவிட்டது.

பிறகு தாதி அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டார். எந்தப் பாதை, எந்த நேரம், வானுக்குள் என்ன வாசம் என்று சும்மா ஊர்க்கதை போலத்தான் கேட்டார். அண்ணைக்குப் பேச்சு வந்தது. மலைக்கு அப்பாலுள்ள வாலிஸ் மாநிலத்துக் கடைகளுக்குச் சாமான் கொண்டுபோகும் நாட்களில், மலையடிவாரத்துக் காண்டர்ஸ்டெக்கில் வானை ரயிலில் ஏற்றுவாராம். மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள்ளால் கார்களையும் வான்களையும் சுமந்துகொண்டு போகிற ரயில் அது. சாரதிகள் தங்கள் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

தாதியின் கண் சற்று விரிந்தது. அவருடைய ஊர் அந்த ரயிலுக்குப் பக்கம்தானாம். "அந்தச் சுரங்கத்துக்குள் என்ன செய்வீர்கள்?"

"ஒண்டும் செய்யிறதில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப்போட்டுச் சும்மா இருப்பன். இருட்டு. ரயில் கடகடவெண்டு அடிக்கும். றேடியோவும் கேக்காது. பின்னாலை கறிவேப்பிலை மணக்கும். சிலவேளை கண்ணை மூடிக்கொண்டிருப்பன். மற்றப்பக்கம் வந்தால் வெயில். இஞ்சாலை மழையெண்டாலும் அங்காலை வெயிலாத்தான் இருக்கும்."

இடுக்கமான இருட்டு, காதை அடைக்கும் சத்தம், ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது. குழாய்க்குள் இருப்பதெல்லாம் அங்கேயும் இருந்தது. அக்காவுக்கும் அது விளங்கிவிட்டது, அவர் என்னைப் பார்த்தார். தாதி அவசரப்படவில்லை. லொறிக்கும் இந்த ரயிலுக்கும் உங்களுக்கு என்ன வித்தியாசம் என்று கேட்டார்.

அண்ணை யோசித்துச் சொன்னார். "அண்டைக்கு நான் சாமான். இதிலை சாமான் பின்னாலை கிடக்குது, நான் முன்னாலை இருக்கிறன். வானை ஸ்டார்ட் பண்ணுற திறப்பும் என்னட்டைத்தான்."

இந்த வாக்கியத்தை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் ஜெர்மனில் சொன்னேன்.

அடுத்த கிழமை பழகுவதற்கு வந்தோம். சாய்வு நாற்காலியில் அண்ணை, ஒரு பக்கம் தாதி, மறுபக்கம் நான். அக்கா சன்னலோரம் இருந்தார். தாதி மெதுவாகச் சொல்ல, அதே வேகத்தில் நான் தமிழில் சொல்ல வேண்டும். ஆணையிடுவது போல ஒன்றும் இல்லை. மூச்சை அது போகிறபடி போகவிடலாம்; கண் மூடவேண்டும் போல இருந்தால் மூடலாம்; ஸ்டியரிங்கில் கை எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம்; இருக்கையின் துணி முதுகில் படுவதைக் கவனிக்கலாம். அண்ணை ஒரு தடவை சொன்ன ஒவ்வொரு சிறு விடயத்தையும் அவர் ஞாபகம் வைத்திருந்தார். கறிவேப்பிலை வாசம்கூட வந்தது. 'செய்யுங்கோ' என்று முடிகிற இடமெல்லாம் 'செய்யலாம்' என்று முடித்தேன். ஜெர்மனில் அவர் விட்ட இடைவெளியை நானும் விட்டேன். வானை ரயிலில் ஏற்றி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சுரங்கத்துக்குள் போனோம்.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி நன்றாக இருந்தது. என் கைகள் கனமாகவும் சூடாகவும் இருப்பது தெரிந்தது. எங்கேயோ தூரத்தில் வைத்தியசாலை நடைபாதையில் தள்ளுவண்டி ஒன்று போனது, அதுவும் தொல்லையாக இல்லை. யாரோ ஜெர்மனில் ஏதோ சொன்னார்கள். அது எனக்குரியது என்று தோன்றவில்லை.

"தங்கச்சி நித்திரையோ?"

கண்ணைத் திறந்தேன். அண்ணை நாற்காலியில் இருந்தபடி தலையைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தாதியின் தோள்கள் சத்தமில்லாமல் குலுங்கின. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டேன்.

"நித்திரை கொண்டீர்களா?" என்று தாதி கேட்டார். இல்லை, எல்லாம் கேட்டது, ஆனால் பதில் சொல்ல வேண்டும் என்று படவில்லை என்றேன். "அதை அப்படியே அக்காவுக்குச் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். நான் சொன்ன விளக்கங்கள் எல்லாவற்றையும்விட அதுதான் அக்காவின் சந்தேகத்தைத் தீர்த்தது. வசியம் செய்தால் இப்படி மொழிபெயர்க்க வந்தவளையா பிடிக்கும் என்று பிறகு சொல்லிச் சிரித்தார். அண்ணை வீட்டிலும் தானாகவே பழகிக்கொண்டார். சோபாவில் படுத்து, பாத்திரத் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு செய்வாராம்.

எம்.ஆர்.ஐ. எடுக்கிற நாளில் அக்கா காலையிலேயே பேர்ணில் யூரோபாபிளாட்ஸ் சதுக்கத்திலுள்ள சைவக் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்திருந்தார். அண்ணையின் கழுத்தில் இருந்த தாயத்தை இயந்திரத்துக்காகக் கழற்ற வேண்டியிருந்தது. தாதி அதை ஒரு தட்டில் போடவில்லை. இரண்டு கையாலும் வாங்கி அக்காவின் கையில் கொடுத்தார்.

நானும் தாதியும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிவாங்கியோடு இருந்தோம், அக்கா எங்களுக்குப் பின்னால் இருந்தார். எங்கள் குரல் அவருடைய காதுகளில் மாட்டியிருந்த ஒலிக்கருவிக்குப் போகும். உள்ளே படம் எடுக்கும் இளைஞர் கூட்டை மாட்டும்போது, நல்ல மனிதர், பழக்கதோசத்தில் "பயப்பட வேண்டாம்" என்று ஜெர்மனில் சொன்னார். சொன்ன எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பதுதான் எங்கள் தொழிலின் முதல் விதி. நான் தாதியைப் பார்த்தேன். அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கிவிட்டு, "வான் ரயிலிலை ஏறுது அண்ணை" என்றேன்.

மேசை உள்ளே போனது. கைகள் அசையவில்லை. இயந்திரம் அடிக்கத் தொடங்கியது. தட்டுவதும் உறுமுவதும் மாறி மாறி வரும் மோசமான சத்தம். சத்தம் நிற்கும் இடைவெளிகளில் தாதி ஓரிரு வார்த்தை சொல்லுவார், நான் சொல்லுவேன். சத்தத்துக்குள் அவர் தனியாகத்தான் போக வேண்டும்.

பாதியில் மணி அடித்தது. அக்கா எழுந்துவிட்டார். தாதி ஒலிவாங்கியை என் பக்கம் தள்ளி, "என்ன வேண்டும் என்று கேளுங்கள்" என்றார். ஏன் அடித்தீர்கள் என்று கேட்கச் சொல்லவில்லை.

"மூக்குக் கடிக்குது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

எங்கள் பக்கம் வந்திருந்த இளைஞர் கூடாது என்று தலையை அசைத்தார். சொறிய ஆடினால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். தாதி ஒரு கணம் யோசித்துச் சொன்னதை நான் சொன்னேன்: "கடி இருக்கட்டும் அண்ணை. அதைப் பின்னுக்கு, மரக்கறிப் பெட்டியோடை ஏத்திவிடலாம். அதுவும் வரட்டும். நீங்கள் முன்னாலை இருங்கோ."

உள்ளேயிருந்து ஒரு சின்னச் சிரிப்புக் கேட்டது. பிறகு, "ஓம், சரி, போவம்."

முழுவதும் முடிந்து மேசை வெளியே வந்தபோது அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு விளக்கைப் பார்த்தார். "அதுக்குள்ளை முடிஞ்சுதோ?" என்று கேட்டார். அக்கா அவருடைய தலையைத் தடவி, தாயத்தைக் கட்டிவிட்டார். தாதி தன் பங்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "நீங்கள்தான் ஓட்டினீர்கள்" என்று மட்டும் சொன்னார். அது பணிவுக்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. நடந்தது அதுதான் என்று அவர் நம்பினார்.

செவி நரம்பில் ஒரு சின்னக் கட்டி இருந்தது. புற்றுநோய் இல்லை. வளர்கிறதா என்று வருடா வருடம் படம் எடுத்துப் பார்த்தால் போதும் என்றார்கள். தலைசுற்றுக்குப் பயிற்சிகள் கொடுத்தார்கள். சில மாதத்தில் அவர் திரும்பவும் வான் ஓடத் தொடங்கினார். அடுத்த வருடப் படத்துக்கு என்னையும் கூப்பிடவில்லை, தாதியையும் கூப்பிடவில்லை. தானே போய்ப் படுத்து, தானே எழுந்து வந்தாராம். பிறகு ஒருநாள் திரிம்பாக் என்ற ஊரிலுள்ள தமிழ்க் கோயிலில் கண்டபோது, இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்கோ. பேரை மட்டும் போடாதேங்கோ" என்றார்.

அதற்குப் பிறகு அந்தத் தாதியோடு பல தடவை வேலை செய்திருக்கிறேன். எல்லாம் இப்படி முடிந்தது என்று சொன்னால் அது பொய். கொதிஎண்ணெய் கையில் கொட்டிய ஓர் இளம் தாய்க்குக் கட்டு மாற்றும்போது கூப்பிட்டார்கள். தாயென்றாலும் என் கண்ணுக்கு ஒரு பிள்ளைதான், இங்கே வந்து அதிக காலம் இல்லை. தாதி எவ்வளவோ பொறுமையாக முயன்றார். அந்தப் பிள்ளைக்கு எந்த இடத்திலும் மனம் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் கண்ணைத் திறந்து கையைப் பார்த்தார். தன்னால் முடியவில்லையே என்று அழத் தொடங்கினார்.

தாதி உடனே நிறுத்தினார். வைத்தியரைக் கூப்பிட்டு வலிமருந்தைக் கூட்டச் சொன்னார். பிறகு அந்தப் பிள்ளைக்கு முன்னால் குந்தி இருந்து சொன்னதை நான் சொன்னேன்: "இண்டைக்கு இது உங்களுக்கு உதவேல்லை. உங்களிலை ஒரு பிழையும் இல்லை. சிலருக்குச் சரிவரும், சிலருக்குச் சரிவராது. மருந்து இருக்குது, அதைப் பாவிப்பம்." அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

வெளியே வந்தபோது உங்களுக்கு ஏமாற்றமாக இல்லையா என்று தாதியிடம் கேட்டேன். "கொஞ்சம் இருக்கிறது. ஆனால் இதற்கு மேலும் தொடர்ந்திருந்தால், அது அவவுக்காக இல்லை, எனக்காகத்தான் இருந்திருக்கும்" என்றார். கையைக் கழுவிக்கொண்டு, அடுத்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கப் போனார்.